பலத்தியாகமும் பதிவேடும்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரத்தில், துணிக்கடைகளுக்குப் பெயர்போன தங்காக் நகரமும், அதனைச் சூழ்ந்து ஒரு காலத்தில் ரப்பரும் இக்காலத்தில் பெரும்பாலும் செம்பனையும் வளர்கின்ற தோட்டங்களும், அவற்றிற்கு இடையிடையே மலாய்க் கம்பங்களும் சீனர் குடியிருப்புகளும் அமைந்திருக்கின்றன. பிள்ளை பெற்ற வீட்டிற்குச் சில நாட்களுக்குள்ளாகவே அழையாமல் வந்து, தாயின் காய்ச்சலையும் குழந்தையின் தொப்புளையும் பார்த்துச் செல்கின்ற அரசாங்கச் சமூகச் செவிலியை, 'மிஸ்ஸி' என்று நம்மவர் வாஞ்சையோடு அழைக்கும் அந்த அம்மையாரை, இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அறியாதவர் இரார். அவருக்கும் அவரை மேற்பார்வை செய்யும் பொதுச் சுகாதாரச் செவிலியருக்கும் தலைமைப் பயிற்சியும் நிர்வாகப் பயிற்சியும் அளிக்கவேண்டும் என்னும் கருத்து, சர்வதேசச் செவிலியர் பேரவை 1990-களில் அதற்கெனவே ஒரு திட்டத்தைத் தொடங்கியது முதல் நாடுதோறும் வலுப்பெற்று வருகிறது. உத்தியோக உயர்வு பற்றிய விஷயம் என்று இதனை இலாகாவுக்கே விட்டுவிடலாம். ஆயினும் இதன் அடியில் சமயவுணர்வு உடையோர் எவரும் விட்டுவிடக்கூடாத ஒரு வினா கிடக்கிறது. தொண்டு செய்கின்ற ஒருவர் தம் தொண்டின் பலனைக் கணக்கிடலாமா என்பதே அவ்வினா.

நிர்வாகம் என்பது, எத்தனை அழகான பெயரிட்டு அழைத்தாலும், முடிவில் கணக்குத்தான். இத்தனை கர்ப்பிணிகள் பதிவாயினர், இத்தனை பேர் பன்னிரண்டாம் வாரத்திற்குள் வந்தனர், இத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது, இத்தனை பேர் தவறினர் என்று மாதந்தோறும் எழுதி மேலிடத்திற்கு அனுப்பி, அவ்வெண்களைக் கொண்டு ஆட்களையும் மருந்தையும் வாகனத்தையும் பங்கிடுவதே அதன் சாரம். நமது சாஸ்திரங்களோ கருமத்தைச் செய்து அதன் பலனில் பற்றை விடும்படி உபதேசிக்கின்றன. கண்ணும் கருத்துமாய் நோயாளியின் அருகிருந்து பணிவிடை செய்வதைப் புண்ணியமென்று கொண்டாடும் நம் பெரியோர் பலர், அதே பெண் மேசையின்முன் அமர்ந்து பட்டியல் எழுதுவதைக் காணும்பொழுது, தெய்விகமான ஒன்று கந்தோர்க் காரியமாகத் தாழ்ந்துவிட்டதாக வருந்துகின்றனர். அவ்வருத்தம் உண்மையான பக்தியிலிருந்து பிறப்பது. ஆதலின் அதற்கு மரியாதையோடு விடை சொல்லவேண்டும்.

இந்நாட்டுக் கிராமச் சுகாதாரத்தின் சரித்திரம் அவ்விடைக்கு வேண்டிய முதற்சான்றைத் தருகிறது. 1950-களில் தொடங்கிய திட்டத்தின்படி 50,000 மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையமும், அதன்கீழ் நான்கு துணை நிலையங்களும், அவற்றின்கீழ் 2,000 பேருக்கு ஒன்றாக இருபது மருத்துவச்சி நிலையங்களும் வகுக்கப்பட்டன. 1973 முதல் மூன்று படிகள் இரண்டாக மாறி, மருத்துவச்சி நிலையங்கள் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒன்றான 'கிளினிக் டேசா' ஆயின. அங்கிருந்த மருத்துவச்சியர் மேற்பயிற்சி பெற்றுச் சமூகச் செவிலியர் ஆயினர். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீபகற்பத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1990-களில் அவ்வெண் 50-க்குக் கீழே இறங்கியது. உலக வங்கி 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, பெருஞ்செல்வம் இல்லாத காலத்திலேயே இதனைச் சாதித்த இரண்டு தேசங்களாக மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்காட்டி, ஏனைய நாடுகள் இவ்விரண்டிடமும் பாடம் கற்கவேண்டும் என்று கூறியது. நாற்பதாண்டில் மனிதரின் கருணை பத்து மடங்கு பெருகிவிட்டதென்று எவரும் சொல்லமாட்டார். முன்னிருந்த கருணைக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. நள்ளிரவில் வலியெடுத்தவளின் வாசல்வரை அது சென்று சேர வழி பிறந்தது.

இவ்வொழுங்கை அமைத்தவர்கள் தலைநகரத்தில் இருந்தனரேனும், இதனை நடத்தியவர்கள் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்களே. நிலையத்தோடு சேர்ந்த சிறு வீட்டில் தனியே குடியிருந்து, சைக்கிளிலும் படகிலும் சென்று, தம்மைவிட மூத்தவர் பலருக்குச் சொல்லும்படியான நிலையில் அவர்கள் நின்றனர். கம்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்த 'பிடான்' கிழவிகளின் சொல்லையே ஊர் கேட்டது. சட்டத்தைக் காட்டி அக்கிழவிகளை விரட்டியிருந்தால், ஊரும் அவர்களோடு ஒதுங்கிப் போயிருக்கும். இளம் மருத்துவச்சியரோ அவர்களைப் பதிவு செய்து, சுத்தமான கருவிகளைக் கொடுத்து, பிரசவத்தின்போது அருகில் வைத்துக்கொண்டு, பிற்பாடு செய்யும் உருவுதல், நீராட்டல், மூலிகைப் பக்குவம் ஆகியவற்றை அவர்களுக்கே விட்டுக்கொடுத்து, ஆபத்தின் குறிகள் தோன்றினால் உடனே தமக்குச் சொல்லியனுப்பும்படி பழக்கினார்கள். பட்டமும் பதவியும் இல்லாத ஓர் இளம்பெண் இதனைச் செய்தாள் என்றால், தலைமை என்னும் குணத்திற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எங்கே தேடுவது? முதியவளின் மானத்தைக் காத்துக்கொண்டே தாயின் உயிரையும் காத்தாள். தன் பெயர் முன்னே நிற்கவேண்டும் என்னும் அகங்காரம் அவளிடத்து அணுவளவு இருந்திருந்தாலும் இக்காரியம் கைகூடியிராது.

இனி, பலத்தியாகம் என்பதன் தாத்பரியத்தை ஆராய்வோம். ஒரு செயலிலிருந்து இரண்டு வகையான பலன்கள் புறப்படுகின்றன. செய்தவரை நோக்கித் திரும்பி வருகின்ற புகழ், பதவி, நன்றி, புண்ணியம் ஆகியவை ஒரு வகை. யாருக்காகச் செயல் செய்யப்பட்டதோ அவரைச் சென்றடையும் சுகம், உயிர், ஆறுதல் ஆகியவை மற்றொரு வகை. முதல் வகையில் பற்றை விடுவதே தியாகம். இரண்டாம் வகையிலும் பற்றை விடுவது தியாகம் என்று கொள்வோமானால், மருந்தைக் கொடுத்துவிட்டு நோயாளி பிழைத்தாரா என்று திரும்பிப் பாராமற் செல்பவரே உத்தம கர்மயோகி என்று சொல்லவேண்டிவரும். கீதை அப்படிக் கூறவில்லை என்பதற்கு, அரசனான ஜனகனையே அது கருமத்தால் சித்தி பெற்றவனாகக் காட்டுவதும், உலகத்தின் நலத்தைக் கருதியாவது ஞானி கருமம் செய்யவேண்டும் என்று வற்புறுத்துவதும் போதிய சான்றுகளாகும். உலகநலம் கருதுபவர் உலகத்திற்கு நலம் விளைந்ததா என்று பாராமல் இருப்பது எங்ஙனம்? தமக்கு வருவதை எண்ணாமலும், பிறருக்குச் சென்றதை ஒன்றுவிடாமல் எண்ணியும் வாழ்வதே தொண்டின் நெறி என்பது என் துணிபு. பதிவேடு இந்த இரண்டாம் எண்ணிக்கைக்கு உரிய கருவி. அதனை முதல் எண்ணிக்கைக்குப் பயன்படுத்தும்போதுதான் அது கெடுகிறது.

மேனாட்டிலும் இவ்வுண்மையை ஆழ உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய கருணைத் திருவுருவாகவே நம் பள்ளிப் பாடங்கள் அறிமுகப்படுத்துகின்றன. ஸ்குட்டாரி இராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் அவருடைய தோழியரும் இரவுபகலாய்ப் பணிசெய்தும், 1855-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிப்பாய்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர்; சுகாதாரக் கமிஷனொன்று மார்ச்சு மாதத்தில் வந்து சாக்கடைகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே மரணம் விரைந்து குறைந்தது. நாடு திரும்பிய அம்மையார் அவ்வெண்களை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்து, வர்ணப் படங்களாக வரைந்து, மந்திரிகளின் கண்முன் வைத்தார். 1858-ஆம் ஆண்டில் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்மணி அவரே. ஈசுவரனுடைய நியதி இவ்வுலகில் எவ்வாறு செல்கிறது என்பதை எண்களின் வழியாக ஒருவாறு அறியலாம் என்பது அவருடைய சமயக் கொள்கையாகவே இருந்தது. 1860-இல் தனிப்பட அச்சிட்ட தம் தத்துவ நூலில் அவர் இத்தகைய ஆராய்ச்சிகளிலேயே ஈடுபட்டார். நோயாளியின் தலையணையை நிமிர்த்துவதையும் மரணக் கணக்கைக் கூட்டுவதையும் அவர் இரண்டு வெவ்வேறு காரியங்களாகக் கருதியதே இல்லை.

பாரத நாட்டிலும் 1899-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, ராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணிக்குச் செயலாளராய் இருந்து ஆள்களைத் திரட்டி, பணம் சேர்த்து, அறிக்கை எழுதிய நிவேதிதை தேவியார், தெருவைப் பெருக்க ஆள் இல்லாத இடத்தில் தாமே துடைப்பத்தை எடுத்தார். திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தித் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கியதைப் போற்றுகின்ற நமக்கு இது புதிய பாடமும் அன்று.

தலைமையைப் பற்றிய வினா மிகக் கடுமையாக எழுவது ஒரு தாய் இறந்துவிடும்போதுதான். அப்பொழுது பழி யாருடையது? தமிழிலக்கியம் இவ்வினாவுக்கு இரண்டு விடைகளைக் காட்டியிருக்கிறது. இரண்டும் சிலப்பதிகாரத்திலேயே உள்ளன. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தன் தவற்றை உணர்ந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டான். தலைவன் பிறர்மேல் பழிபோடாமல் தன்மேல் ஏற்றுக்கொண்ட அம்மாண்பை நாம் எக்காலமும் போற்றுவோம். எனினும், ஒரு பொற்கொல்லனுடைய சொல்லை நம்பி விசாரணையின்றிக் கொலை நடக்கும்படியாக அரண்மனை நடைமுறை ஏன் அமைந்திருந்தது என்று கேட்பதற்கு அவன் உயிரோடு இல்லை. அவனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனோ, பத்தினிக்குச் சாந்தி செய்வதற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் களவேள்வியில் பலியிட்டான் என்று நூலின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒருவன் நாணத்தால் மாண்டான். மற்றவன் குற்றவாளியின் குலத்தாரையே கொன்றான். அரசவையில் வழக்கு விசாரிக்கும் முறை மாறிற்றா என்பதைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை.

மலேசியச் சுகாதார இலாகா 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய தாய்மரண இரகசிய விசாரணை இவ்விரண்டிற்கும் வேறான மூன்றாவது வழியாகும். இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவந்த முறையை ஒட்டியது அது. ஒரு தாய் இறந்துபட்டால், கர்ப்பம் தரித்த நாள்முதல் அவளுக்கு நடந்தவை அனைத்தும் எழுதப்பட்டு, அவள் பெயரும் செவிலியின் பெயரும் வைத்தியரின் பெயரும் நீக்கப்பட்டு, அனுபவமுள்ளோர் குழுவின்முன் வைக்கப்படுகின்றன. யாரைத் தண்டிப்பது என்பது அக்குழுவின் கேள்வியே அன்று. எந்தக் குறி கவனிக்கப்படாமற் போயிற்று, எங்கே தாமதம் நேர்ந்தது, எதைச் செய்திருந்தால் இவள் பிழைத்திருப்பாள் என்பவற்றையே அது தேடுகிறது. அத்தகைய ஆராய்ச்சிகளின் முடிவுகள் பயிற்சிப் பாடங்களாகவும் விதிகளாகவும் கிளினிக் டேசாவரை வந்து சேர்கின்றன. கர்ப்பிணியின் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஒட்டப்படும் வர்ணக் குறிகளையே எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளையென்றால் செவிலியே பார்த்துக்கொள்ளலாம், பச்சையென்றால் சுகாதார நிலைய வைத்தியரிடம் காட்டவேண்டும், மஞ்சளென்றால் நிபுண வைத்தியருக்கு அனுப்பவேண்டும், சிவப்பென்றால் அக்கணமே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். மூன்று மொழி பேசுகின்ற தங்காக் சுற்றுப்புறத்தில், எழுத்தறியாத பாட்டியும் அவ்வர்ணத்தைக் கண்டு ஆபத்தை அறிவாள்.

இவ்விசாரணையின் ஆத்மிகப் பொருளைப் பற்றி நான் பலகாலும் சிந்தித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் தண்டனை வரும் என்ற பயம் உள்ள இடத்தில் உண்மை மறைந்துகொள்ளும். தண்டனையே இல்லை என்ற அலட்சியம் உள்ள இடத்தில் உண்மைக்கு மதிப்பு இராது. பெயரை நீக்கி, நிகழ்ச்சியை மாத்திரம் ஒளிவுமறைவின்றி ஆராய்வதில் கருணையும் கண்டிப்பும் ஒருங்கே நிற்கின்றன. 'நான் செய்தேன்' என்னும் கர்த்திருத்துவ எண்ணத்தை விடவேண்டும் என்று ஞானிகள் கூறுவது பெரும்பாலும் வெற்றிக்கே பொருந்துவதாக நாம் நினைத்திருக்கிறோம். தோல்வியிலும் அந்த 'நான்' புகுந்துகொள்கிறது. என்னால் நேர்ந்ததே என்று ஏங்கித் துவண்டு, அடுத்த வாசலுக்குச் செல்லவும் கால் எழாமல் ஓர் இளஞ்செவிலி அமர்ந்துவிடும்போது, துயரத்தின் வேடத்தில் வந்திருப்பதும் அதே எண்ணந்தான். அவளைத் தேற்றி, நேர்ந்ததை அவளோடு அமர்ந்து வரிவரியாக வாசித்து, மறுநாள் அவளை மீண்டும் பணிக்கு அனுப்பக்கூடிய மூத்தவள் ஒருத்தி வேண்டும். மேற்பார்வைச் செவிலியர்க்குத் தலைமைப் பயிற்சி தேவை என்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆனால் இன்று அப்பெயரால் நடைபெறுவன அனைத்தையும் நான் ஆதரிக்கவில்லை. வியாபாரக் கம்பெனிகளில் பிறந்த சொற்களையும் பட்டியல்களையும் அப்படியே கொண்டுவந்து செவிலியர்முன் திரையில் காட்டி, போட்டியையும் தரவரிசையையும் இலக்கு எண்களையும் புகட்டுவது பெருந்தீங்கு. இலக்கை எட்டாதவருக்கு அவமானமும் எட்டியவருக்குப் பாராட்டும் என்று விதித்துவிட்டால், பதிவேடு உடனே முதல் வகைப் பலனுக்கு அடிமையாகிவிடும். போகாத வீட்டிற்குப் போனதாகவும், பார்க்காத தாயைப் பார்த்ததாகவும் எழுதும் மனம் அங்கேதான் பிறக்கிறது. பொய்யெழுதிய பதிவேடு, நஞ்சு கலந்த மருந்தைப்போல, நம்பியவரையே கொல்லும். பயிற்சியளிப்போர் எண்களைக் கற்பிக்கும் முன்னர் எண்களின்பால் கொள்ளவேண்டிய சத்தியத்தைக் கற்பிக்கவேண்டும். குறைந்த எண்ணைத் துணிந்து எழுதிய செவிலியை மேலதிகாரி வசைபாடாமல் என்ன உதவி வேண்டும் என்று கேட்கும் பழக்கத்தையும் கற்பிக்கவேண்டும்.

பதிவேட்டில் இல்லாதவர்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இது தமிழராகிய நம்மை நேரே தொடுகிறது. தோட்டங்கள் தனியார் நிலமாதலால் அங்கே வைத்தியம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. லயத்துப் பெண்களுக்கு டிரெசர் என்னும் மருத்துவ உதவியாளரும் தோட்ட ஆஸ்பத்திரியும் வாய்த்தபடி வாய்த்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தபோது, பழைய பொறுப்பும் போய்ப் புதிய பதிவும் ஏற்படாத நிலையில் பலர் நின்றனர். பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாத தாய்மாரும் அவர்களுள் உண்டு. கட்டணத்திற்கும் கேள்விகளுக்கும் அஞ்சி அவர்கள் மருந்தகத்தின் வாசலை மிதிப்பதில்லை. வருவோரை வரிசைப்படுத்தத் தெரிந்தவர் நல்ல குமாஸ்தா ஆகலாம். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தம் பட்டியலுக்கு வெளியே தேடிச் செல்பவரையே தலைவர் என்று நான் கொள்வேன். இறைவனுக்குப் படைக்கும் நைவேத்தியத்திலும் எவரெவர் விடுபட்டார் என்று கேட்கும் சமயமே உயிருள்ள சமயம்.

ஆதலின் இப்பயிற்சிகளை வகுப்போரிடம் ஒரு விண்ணப்பம். கம்பெனிப் பாடங்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பாதியையேனும், பெயர் நீக்கப்பட்ட மரண வரலாறுகளை மூத்த செவிலியரும் இளஞ்செவிலியரும் சேர்ந்து அமர்ந்து வாசிப்பதற்குக் கொடுங்கள். தங்காக் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களின் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை: மாரியம்மனுக்கு ஆடிமாதக் கூழ் வார்க்கும் நாளில் உங்கள் பகுதி மிஸ்ஸியை அழைத்து, வந்திருக்கும் கர்ப்பிணிகளுள் எவரெவர் இன்னும் பதிவு செய்துகொள்ளவில்லை என்று அவர் விசாரிப்பதற்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுக்கொடுங்கள், பத்திரமில்லாத பெண்ணுக்குத் துணையாகக் கமிட்டியில் ஒருவர் அவளோடு பதிவு இலாகாவரை சென்று வாருங்கள்.